வான ஆராய்ச்சியும் கிரக பலனும்

(தேங்காய்த்திட்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தில் வான ஆராய்ச்சியைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். நாம் பெரிய படிப்புப் படித்துப் பட்டம் பெற்றவரல்ல. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். பிறகு தானாகப் படித்தும், படித்தவர்களைக் கேட்டும் தெரிந்து கொண்டதே அதிகம். ஆதலால் நாம் சொல்லும் விஷயங்களை நாம் சொன்னோம் என்பதற்காக யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. காது கொடுத்துக் கேளுங்கள். வீட்டிற்குப் போய் யோசியுங்கள். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்.

வானத்தைப் பற்றிப் பேசுவதென்றால் நமது நாட்டில் உடனே பஞ்சாங்கம் வந்துவிடும், சனி வந்துவிடுவான், ராகு கேது வந்துவிடுவார்கள். இன்று அவர்களைச் சற்று வெளியே உட்கார வைத்துவிட்டு, முதலில் வானத்தையே விசாரிப்போம். பிறகு அவர்களைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்போம்.

நீங்கள் வசிக்கும் இந்தப் புதுச்சேரிக்கும் வான ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1689-ஆம் வருஷம் ரிஷோ என்னும் பாதிரியார் இங்கிருந்து ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, தெற்கு வானத்தில் ஆல்பா சென்டாரி என்னும் நட்சத்திரம் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டு சொன்னார். அதன் பிறகு லெ ஜாந்தில் என்னும் பிரஞ்சு விஞ்ஞானி வந்தார். சூரியனுக்கு முன்னால் சுக்கிரன் கறுப்புப் பொட்டுப் போல் கடந்து போவதை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம் என்பதற்காகவே அவர் 1760-இல் பிரான்சை விட்டுப் புறப்பட்டார். வருவதற்குள் இங்கிலீஷ்காரர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டபடியால், 1761-இல் நடந்த சுக்கிரப் பிரவேசத்தை ஆடுகிற கப்பலிலிருந்து பார்க்க நேர்ந்தது. அதை வைத்து ஒன்றும் அளக்க முடியவில்லை. அடுத்தது 1769 ஜூன் 4-ந் தேதி என்று தெரிந்து, எட்டு வருஷம் இந்தப் பக்கத்திலேயே காத்திருந்து, இங்கே ஆராய்ச்சிக் கூடமும் கட்டி, கருவிகளையும் பூட்டி வைத்தார். அன்று காலையில் மேகம் வந்து சூரியனை மூடிக் கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு மேகம் விலகிற்று! 1771-இல் ஊர் திரும்பினால், இறந்து போனார் என்று தீர்மானித்து அவர் சொத்தைப் பங்கு போட ஏற்பாடு செய்திருந்தார்கள்.

நமது ஆளாயிருந்தால் என்ன சொல்லுவான்? "ஏழரைச் சனி" என்பான், பரிகாரம் செய்வான். அந்த மனிதரோ மேகம் என்றே எழுதி வைத்தார். மேகத்தை மேகம் என்றே எழுதி வைத்தால்தான், மேகத்தைத் தாண்டிப் பார்க்க வழி என்ன என்று பின்னால் வருகிறவன் யோசிப்பான். சனி என்று எழுதி வைத்தால் பின்னால் வருகிறவன் எள்ளும் எண்ணெயும்தான் வாங்குவான்.

மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் வழி பிற்பாடு அகப்பட்டது. 1932-ஆம் வருஷ வாக்கில் அமெரிக்காவில் கார்ல் ஜான்ஸ்கி என்னும் எஞ்சினியர், கடல் தாண்டிப் பேசும் டெலிபோனில் இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று தேடினார். இடியால் வருவது போக, ஒரு மெல்லிய இரைச்சல் மிஞ்சியது. அது நட்சத்திரங்களை அனுசரித்துத் தினமும் நான்கு நிமிஷம் முன்னதாக வந்தது. ஆகவே அது பூமியின் சங்கதியல்ல, நமது பால் வீதியின் நடுவிலிருந்து வரும் ரேடியோ அலை என்று கண்டார். ரேடியோ அலையும் வெளிச்சமும் ஒரே ஜாதிதான். அலையின் நீளம்தான் வித்தியாசம். ஒரு மீட்டர், அரை மீட்டர் நீளமுள்ள அலைக்கு மேகம் ஒரு தடையல்ல. பகல் வெளிச்சமும் தடையல்ல. லெ ஜாந்திலைத் தோற்கடித்த மேகம் இந்தக் கருவியிடம் தோற்றுப் போயிற்று.

இப்படிப்பட்ட கருவி எங்கோ வெள்ளைக்காரன் தேசத்தில்தான் இருக்கிறதென்று நினைக்க வேண்டாம். நமது நீலகிரியில், உதகைக்குப் பக்கத்தில் முத்தோரை என்னும் இடத்தில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமுள்ள ரேடியோ தொலைநோக்கியை 1970-இல் கட்டி முடித்தார்கள். கோவிந்த் ஸ்வரூப் என்னும் விஞ்ஞானியின் யோசனை அது. உதகை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. அதே 11 டிகிரி சரிவுள்ள மலைச்சரிவாகத் தேடி அதன் மேல் கருவியை வைத்தால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு நேர் இணையாகி விடும். ஒரே அச்சில் திருப்பிக் கொண்டே நாளெல்லாம் ஒரு நட்சத்திரத்தைத் தொடரலாம். மலையைச் சுற்றிக் கிரிவலம் வருகிறவர்கள் உண்டு. மலையின் சரிவை அளந்து அதனிடம் வேலை வாங்கியவர் இவர்.

பிறகு அவரே முன்னின்று, புனாவிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், நாராயண்காவுக்குப் பக்கத்தில் கோடத் என்னும் கிராமத்தில் இன்னும் பெரியதைக் கட்டுவித்தார். ஜி.எம்.ஆர்.டி. என்பது அதன் பெயர். ஒவ்வொன்றும 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 தட்டுகள். அவற்றில் 14 ஒரே இடத்தில் நெருக்கமாகவும், மற்ற 16-ம் மூன்று கைகளாக 25 கிலோமீட்டர் வரை விலகியும் நிற்கின்றன. அந்தத் தட்டுகள் எதனால் ஆனவை? இவ்வூர்த் தோழர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று விளங்கும்: வலை! மெல்லிய எஃகுக் கம்பியினால் பின்னிய வலையை இழுத்துக் கட்டியதுதான் அந்தத் தட்டு. வலைக்கண்ணை விடப் பெரிய மீன் அகப்படும், தண்ணீர் ஓடிவிடும் அல்லவா? அதுபோல, வலைக்கண் ஒன்று இரண்டு சென்டிமீட்டர். வருகிற அலையோ அதைப் போல் பல மடங்கு நீளம். ஆகையால் அலை தப்பாமல் பட்டுத் திரும்புகிறது. காற்று மட்டும் கண் வழியே போய்விடுகிறது. காற்று தள்ளாததனால் கனத்த இரும்பு வேண்டியதில்லை, செலவும் குறைவு.

இவ்வளவு ஏற்பாடும் எதைப் பார்ப்பதற்கு? பல ஆராய்ச்சி உண்டு. இன்று ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்வோம்.

நமது சூரியன் ஒரு நட்சத்திரம். இப்படிப் பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் சேர்ந்தது நமது பால் வீதி மண்டலம். இத்தகைய மண்டலங்கள் நூறும் ஆயிரமுமாக ஒன்றையொன்று இழுத்துக் கொண்டு கூட்டமாய் வாழ்கின்றன. கோமா என்னும் கூட்டம் 30 கோடி ஒளி ஆண்டுக்கு மேற்பட்ட தூரத்தில் இருக்கிறது. அதில் ஆயிரத்துக்கு அதிகமான மண்டலங்கள். ஒளி ஆண்டு என்பது ஒளி ஒரு வருஷத்தில் போகும் தூரம், அதாவது சுமார் 9½ லட்சம் கோடி கிலோமீட்டர். பிரம்மாவின் ஆயுளைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டும். இந்தக் கணக்கில் விசேஷம் என்னவென்றால், அளந்த வழியையும் கூடச் சொல்லுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் மண்டலங்களுக்கு நடுவே உள்ள இடம் காலியல்ல. ஒரு கோடி முதல் பத்துக் கோடி டிகிரி வரை காய்ந்த மிக மெல்லிய வாயு அங்கே நிரம்பியிருக்கிறது. 1959-இல் இங்கிலாந்தில் ஜோட்ரல் பாங்கிலுள்ள பெரிய கருவியைக் கொண்டு, கோமாவிலிருந்து ஒரு ரேடியோ வெளிச்சம் பரவலாக வருவதைக் கண்டார்கள். இங்கேதான் ஒரு சந்தேகம் பிறந்தது.

மார்கழி விடியற்காலையில் துறைமுகத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். பனி மூடியிருக்கும், விளக்குகள் பனிக்குள்ளே மங்கலாகத் தெரியும், எல்லாம் சேர்ந்து ஒரே வெளிச்சமாய்ப் படர்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவன் என்ன சொல்ல முடியும்? அந்த வெளிச்சம் விளக்குகளுடையதா, அல்லது பனியே ஒளிர்கிறதா? கோமாவிலும் அதே கேள்விதான். அங்கேயுள்ள மண்டலங்கள் ஒவ்வொன்றும் விடும் ரேடியோ அலையெல்லாம் கலந்து பரவலாய்த் தோன்றுகிறதா? அல்லது நடுவிலுள்ள வெளியே அலை விடுகிறதா?

இதற்கு வேதத்தில் ஆதாரம் தேடவில்லை. விளக்குகளை ஒவ்வொன்றாய்க் கழித்துப் பார்த்தார்கள். 1970-இல் கேம்பிரிட்ஜில் வில்சன் என்பவர் அப்படிக் கழித்துப் பார்த்ததில், பனி தானே ஒளிர்கிறதென்று ருசுவாயிற்று. இன்று கோடத்தில் செய்வதும் அந்த வேலைதான். 30 தட்டுகளை இரண்டிரண்டாய்ச் சேர்த்தால் 435 ஜோடி. விலகி நிற்கும் ஜோடி நுட்பமான சிறு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும். நெருங்கி நிற்கும் ஜோடி அகலமாய்ப் படர்ந்ததைக் காட்டும். முதலில் விலகிய ஜோடிகளைக் கொண்டு விளக்குகளுக்கு ஒரு ஜாபிதா எடுக்கிறார்கள். அதை மொத்தத்திலிருந்து கழிக்கிறார்கள். பிறகு மிச்சத்தை நெருங்கிய ஜோடிகளைக் கொண்டு பார்க்கிறார்கள். பல மணி நேரம் பார்த்து, பல நாள் கணக்குப் போட்ட பிறகுதான் அந்த மங்கலான படலம் வெளியே வரும். அதிலும் மின்சாரக் கம்பியின் பொறியும், செல்போனின் இரைச்சலும் கலந்து ஏமாற்றாமல் களைந்தெடுக்க வேண்டும். அப்படி வெளி வரும் படலம், சந்திரனைச் சுற்றிக் கோட்டை கட்டுவது போல, கூட்டத்தின் நடுவைச் சூழ்ந்து 30 லட்சம் ஒளி ஆண்டு அகலத்துக்குப் படர்ந்திருக்கிறது. சில கூட்டங்களில் ஓரத்தில் மட்டும் வில்லைப் போல் வளைந்து கிடக்கிறது.

அது ஏன் ஒளிர்கிறது? ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் எலெக்ட்ரான் என்னும் அணுத்துகள்கள், காந்தத்தில் சிக்கிச் சுருள் சுருளாய்ச் சுற்றும்போது ரேடியோ அலையை விடுகின்றன. அங்கேயுள்ள காந்தம் நமது திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தத்தில் சில லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால் இடமோ பெரிது. ஆகவே கண்ணுக்கல்ல, கருவிக்குத் தெரிகிறது.

இங்கே இன்னொரு முடிச்சு. அலையை விட விட எலெக்ட்ரான் களைத்துப் போகும். அதன் ஆயுள் சுமார் பத்துக் கோடி வருஷம். ஆனால் அது நேர்வழியில் ஓட முடியாது. காந்தச் சிக்கலில் மாட்டித் தட்டுத் தடுமாறிப் போக வேண்டும். இவ்வளவு பெரிய இடத்தில் ஏதோ ஒரு மண்டலத்திலிருந்து புறப்பட்டுப் பரவுவதென்றால், பாதி வழிக்கு முன்பே அதன் ஆயுள் தீர்ந்து போகும். அப்படியானால் அங்கங்கே வழியிலேயே யாரோ அதற்குச் சோறு போட வேண்டும். யார் போடுகிறது?

"ஈசன் போடுகிறான்" என்று சொல்லிவிட்டால் கூட்டம் முடிந்தது, வீட்டிற்குப் போகலாம். விஞ்ஞானிகள் அப்படிச் சொல்லாமல் இரண்டு விதமாய் யோசித்தார்கள். ஒரு கட்சியார், அங்கே நெடுங்காலமாய்த் தேங்கிக் கிடக்கும் புரோட்டான்கள் வாயுவின் மேல் மோதிப் புது எலெக்ட்ரான்களைப் பெற்றுக் கொண்டேயிருக்கின்றன என்றார்கள். மற்றக் கட்சியார், இரண்டு மண்டலக் கூட்டங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலக்கும்போது வாயு கொந்தளித்து, அந்தக் கொந்தளிப்பே பழைய எலெக்ட்ரான்களைத் தட்டியெழுப்புகிறது என்றார்கள். முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் மோதும்போது அடியில் கிடந்த வண்டல் கிளம்புகிறதல்லவா, அதுபோல.

இதில் கவனிக்க வேண்டியது, இரு கட்சியாரும் "நாங்கள் சொல்வது பொய்யானால் இன்னது நடக்க வேண்டும்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான். முதல் கட்சி சரியானால் அநேகமாய் எல்லாப் பெரிய கூட்டங்களிலும் படலம் இருக்க வேண்டும். காமா கதிரும் வர வேண்டும். இரண்டாம் கட்சி சரியானால் மோதுகிற கூட்டங்களில் மட்டும் படலம் இருக்க வேண்டும். அதிலும் மோதல் வலுக்குறைந்த இடத்தில், தாழ்ந்த அதிர்வில் பளிச்சென்றும் உயர்ந்த அதிர்வில் மங்கியும் தெரிய வேண்டும்.

பரீட்சை நமது கோடத்தில் நடந்தது. இத்தாலி தேசத்து வெந்தூரி என்னும் அம்மையாரும் அவர் தோழர்களும் சுமார் 50 பெரிய கூட்டங்களை எடுத்துக் கொண்டு, 610 மெகாஹெர்ட்ஸ் அதிர்வில் ஒவ்வொன்றாய்ப் பார்த்து, 2007, 2008-ஆம் வருஷங்களில் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் படலமே இல்லை. படலம் உள்ளவை எவை என்று எக்ஸ் கதிர்ப் படங்களோடு வைத்துப் பார்த்தால், அவை மோதிக் கலங்கியிருக்கும் கூட்டங்கள். அமைதியாய் இருப்பவற்றில் பெரிய படலம் காணவில்லை. 2008-இல் ஏபெல் 521 என்னும் கூட்டத்தில், இரண்டாம் கட்சியார் முன்பே சொன்னபடி தாழ்ந்த அதிர்வில் மட்டும் நன்றாய்த் தெரியும் படலம் கோடத்துக் கருவியில் அகப்பட்டது. 2008-இல் மேலே அனுப்பிய பெர்மி என்னும் செயற்கைக்கோளில், முதல் கட்சி எதிர்பார்த்த அளவுக்குக் காமா கதிர் வரவில்லை. ஆகவே கொந்தளிப்புக் கட்சிக்கே பலம் அதிகமாயிற்று. ஓரத்தில் வில் போல் கிடப்பவையோ, மோதலில் கிளம்பிய அதிர்ச்சி அலை வெளியே ஓடும் விளிம்புகள். ஏபெல் 3376 என்னும் கூட்டத்தின் இரு பக்கத்திலும் இத்தகைய பிரம்மாண்டமான இரண்டு வில்களை, அப்போது புனாவிலிருந்த ஜாய்தீப் பாக்சியும் தோழர்களும் 2006-இல் கண்டு சொன்னார்கள். 2019-இல் ஐரோப்பாவின் லோபார் என்னும் கருவி, ஏபெல் 399, 401 என்னும் இரு கூட்டங்களுக்கு நடுவே சுமார் ஒரு கோடி ஒளி ஆண்டு நீளத்துக்குப் பாலம் போட்டது போல் ரேடியோ ஒளி இருப்பதைக் காட்டிற்று.

எல்லாம் தெரிந்து போயிற்றா? இல்லை. அந்தக் காந்தம் முதன்முதல் எப்படி உண்டாயிற்று, தட்டியெழுப்பப்படும் எலெக்ட்ரான்கள் முதலில் எங்கிருந்து வந்தன என்பவற்றுக்கு இன்னும் முடிவான விடையில்லை. இல்லையென்று வெளிப்படையாய் எழுதியிருக்கிறார்கள். அதற்காகவே ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இன்னும் பெரிய கருவிகள் கட்டப்படுகின்றன. இந்தியாவும் 2024-இல் அந்த வேலைக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறது.

இனி வெளியே உட்கார்ந்திருப்பவர்களைக் கூப்பிடுவோம்.

சோதிடரே! 30 கோடி ஒளி ஆண்டுக்கு அப்பால் உள்ள மங்கலான படலத்தைக் கூட அளக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனைப் போல் கிட்ட இருக்கும் சனியிடமிருந்து ஒரு பெண்ணின் கலியாணத்தைத் தடுக்கும் கதிர் வருவதாகச் சொல்லுகிறீரே, அது எந்த அதிர்வில் வருகிறது? எந்தக் கருவியில் தெரியும்? மேகம் தடுக்குமா, கூரை தடுக்குமா? ஒரே நேரத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று சேட்டு வீட்டுக்கும் ஒன்று குடிசைக்கும் போகிறதே, கதிர் வீட்டு விலாசம் பார்த்தா விழுகிறது? எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று கேட்கிறோம்: நீர் சொன்னது பொய்யென்று எப்போது ஒப்புக் கொள்வீர்? நடந்தால் கிரகம், நடக்காவிட்டால் பரிகாரம் போதவில்லை. புரோட்டான் கட்சியார் தங்கள் கட்சி எதனால் தோற்கும் என்று தாங்களே எழுதிக் கொடுத்தார்கள். அந்த நாணயம் உமக்கு உண்டா?

இந்தப் புதுச்சேரி ஆட்சியைச் சேர்ந்த காரைக்காலில்தான் திருநள்ளாறு இருக்கிறது. அந்தக் கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில விநாடி நின்று போகின்றன என்று செல்போனில் ஒரு புரளி ஊர் ஊராய்ச் சுற்றிற்று. தாழ்வாய்ச் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதனால்தான் கீழே விழாமல் இருக்கிறது. ஓட்டம் நின்றால் சைக்கிள் சாய்வது போல் அது விழ வேண்டியதுதான்! பழைய புராணம் செல்லாத இடத்தில் விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக் கொண்டு புதுப் புராணம் வருகிறது. அதற்கும் இதே கேள்விதான்: யார் அளந்தது? எதனால் அளந்தது? மற்றவன் அளந்தால் அதே விடை வருமா?

"அது சரி, இந்தப் படலத்தைக் கண்டதனால் நமக்குக் கஞ்சி வருமா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நேரே வராது, வருமென்று சொல்லி ஏமாற்ற நமக்கு மனமில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். பெண்ணின் ஜாதகத்தில் தோஷம் என்று சொல்லி எத்தனை கலியாணம் நின்றது? செவ்வாய் தோஷம் என்று எத்தனை பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கண்ணீர் விட்டார்கள்? பரிகாரத்துக்காக எத்தனை பேர் தாலியை அடகு வைத்தார்கள்? கஞ்சிக்கு உதவாதது எது என்பதை இதைக் கேட்டு விட்டல்லவா அதைக் கேட்க வேண்டும்? வானத்தை அளக்கிறவன் நம்மிடம் தட்சிணை கேட்பதில்லை. நம் பெண்ணை வீட்டில் உட்கார வைப்பதுமில்லை.

இன்னும் ஒரு முக்கியமான சங்கதி. மந்திரத்தைச் சூத்திரன் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்றல்லவா எழுதி வைத்தார்கள்? கோடத்துக் கருவி 2010 முதல் 2012 வரை 150 மெகாஹெர்ட்ஸ் அதிர்வில் வானத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் படமெடுத்தது. அந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிறப்பும் கோத்திரமும் கேட்பாரில்லை. ஆனந்த ஹோதா என்னும் விஞ்ஞானி 2013-இல் தொடங்கிய 'ராட் அட் ஹோம்' என்னும் ஏற்பாட்டில், கல்லூரிப் பிள்ளைகள் சொந்த ஊரிலிருந்தபடியே அத்தகைய படங்களைப் பார்த்துப் புதியவற்றைத் தேடப் பயிற்சி தருகிறார்கள். தேங்காய்த்திட்டில் வலை பின்னுகிறவர் மகளுக்கும் அதில் இடமுண்டு. பார்க்கத் தெரிந்தால் போதும், பூணூல் வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே! உங்கள் பிள்ளைகளுக்கு ஜாதகம் எழுதக் கொடுக்கும் பணத்தை அவர்கள் புத்தகத்துக்குக் கொடுங்கள். நாள் பார்க்கச் சோதிடனிடம் போகுமுன், போன தடவை அவன் சொன்னது பலித்ததா என்று ஒரு காகிதத்தில் குறித்து வைத்து, வருஷக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். பலித்ததையும் எழுதுங்கள், பலிக்காததையும் விடாமல் எழுதுங்கள். கோடத்தில் 435 ஜோடிக்குப் போடும் கணக்கும் இந்தக் காகிதக் கணக்கும் ஒரே நாணயத்தைச் சேர்ந்தவைதான். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தக் காகிதங்களோடு வாருங்கள். அவற்றை இந்த மேடையிலேயே கூட்டிப் பார்ப்போம்.